வெர்னாவின் பத்தாயிரம் ஓட்டு

மூன்று வாரமாக வெர்னா சாஸ்ட்ரோ தன் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள். ஜன்னலைக் கடக்கும்போது குனிந்துகொள்வாள். அறுபத்து மூன்று வயது, இடுப்பு வலி வேறு. அப்படிப்பட்டவள் சமையலறைத் தரையில் முட்டிபோட்டுத் தவழ்ந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுப்பாள். அவள் யாரையும் கொல்லவில்லை, எதையும் கொள்ளையடிக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தின் நடுவே எழுந்து, காரில் வைத்திருந்த எலுமிச்சை கேக்கை எடுத்து வரப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அது மாநிலக் கட்சிக் கமிட்டிக் கூட்டம். கட்சியின் தேசியக் கமிட்டியில் விஸ்கான்சினுக்கு ஓர் இடம் காலி. பெண்ணாக இருக்க வேண்டும், மாநிலத்தின் வடபாதியில் வசிக்க வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை விமானம் ஏற அஞ்சக்கூடாது. அறையில் இருந்த நாற்பத்து மூன்று பேரில் இந்தத் தகுதியெல்லாம் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் தங்கள் ஷூவை ஆராயத் தொடங்கினார்கள். வெளியே போயிருந்தவளுக்குத்தான் ஷூவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு கையிலும் தட்டைத் தாங்கிக்கொண்டு வெர்னா கதவை இடுப்பால் தள்ளித் திறந்தபோது, கூரை பறக்கிற மாதிரி கைதட்டல்.

"இன்னும் சாப்பிட்டே பாக்கலையே, அதுக்குள்ள என்ன?" என்றாள் வெர்னா, வெட்கப்பட்டு.

அப்படித்தான் அவள் தேசியக் கமிட்டி உறுப்பினர் ஆனாள். எட்டு வருஷமாக அந்தப் பதவியால் அவளுக்குக் கிடைத்தது வருஷத்துக்கு ஒரு காலண்டரும், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும்தான். கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டில் ஆளுக்கொரு ஓட்டு உண்டு என்பது விதிப்புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, இவர்கள் இஷ்டம்போல் போடலாம். இவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, மக்கள் கேள்வி கேட்கவும் முடியாது. பத்திரிகைகள் இவர்களை 'சூப்பர் டெலிகேட்' என்று அழைத்தன. வெர்னாவின் வாழ்க்கையில் 'சூப்பர்' என்கிற சொல் அதுவரை மார்க்கெட்டோடு சேர்ந்து மட்டும்தான் வந்திருந்தது.

வழக்கமாக இந்த ஓட்டுகளுக்கு வேலையே இருக்காது. மாநிலம் மாநிலமாக நடக்கும் கட்சி வேட்பாளர் தேர்தலில் ஏப்ரலுக்குள் யாராவது ஒருவர் ஜெயித்துவிடுவார். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகம் எழுதப் போய்விடுவார்கள். இந்த வருஷம் அப்படி நடக்கவில்லை. ஆளுநர் டாலிவரும் செனட்டர் ரென்ஷாவும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் நுழைந்த இரண்டு காளைகளைப்போல் சிக்கிக்கொண்டார்கள். ஜூன் மாதம் வந்தது, கடைசி மாநிலமும் ஓட்டுப் போட்டு முடித்தது, காளைகள் நகரவில்லை. சூப்பர் டெலிகேட்டுகள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். நூறு பேர் பாக்கி, பதினொரு பேர் பாக்கி, நாலு பேர் பாக்கி. வியாழக்கிழமை காலை ஹவாயில் ஒரு கிழவர் பல் துலக்கிக்கொண்டே ரென்ஷா பெயரைச் சொல்லிவிட்டார். கணக்கு சரிசமமாக நின்றது. பாக்கி ஒரே ஆள். லிட்டில் ஹெரன், விஸ்கான்சின். ஜனத்தொகை எண்ணூற்றுப் பன்னிரண்டு, மாடுகளைச் சேர்க்காமல்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடும்படி கட்சித் தலைமை வெர்னாவைக் கெஞ்சியது. அவளுடைய ஒரு ஓட்டு சாதாரண மனிதர்கள் பத்தாயிரம் பேருடைய ஓட்டுக்குச் சமம் என்று மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு பத்திரிகைக்காரர் கணக்குப் போட்டுப் பெரிய எழுத்தில் வெளியிட்டிருந்தார். அன்றிலிருந்து ஊரே அவளைப் பத்தாயிரம் பேராகப் பார்க்கத் தொடங்கியது. பத்தாயிரம் பேர் தபால் நிலையத்துக்கு வந்தால் எப்படி விலகி வழிவிடுவார்களோ, அப்படி வழிவிட்டார்கள். பிறகு பின்னாலேயே வந்தார்கள்.

வீட்டுத் தொலைபேசி அடித்த அடியில் சுவர் பெயிண்ட் உதிர்ந்தது. நிலவில் நடந்த ஒருவர் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷம் தொலைக்காட்சியில் டாக்டராக நடித்த ஒருவர் கூப்பிட்டார். வெர்னா அவரிடம் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்க, அவரும் கூச்சமில்லாமல் மருந்து சொன்னார். பல் டாக்டர் அவள் வாய்க்குள் துளைப்பான் ஓடிக்கொண்டிருக்கும்போது ரென்ஷாவின் பொருளாதாரக் கொள்கையை விளக்கினார்; அவள் "ஆ" என்றதைச் சம்மதம் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். மாட்டு டாக்டர், தோள்பட்டை வரைக்கும் கையைப் பசுவுக்குள் விட்டபடி, "ஆளுநர் டாலிவர் மாதிரி ஒரு பொம்பள..." என்று ஆரம்பித்தார். பசுவுக்கே சங்கடமாகிவிட்டது. பாவமன்னிப்புக் கூண்டில் திரைக்கு அந்தப்பக்கம் இருந்த பாதிரியார், "மூணு தடவ ஜெபம் சொல்லும்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்த டாலிவர் நல்லவங்கதான், இல்ல?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் வெர்னா தாங்கிக்கொள்வாள். அவளைப் பிடித்து வைத்திருந்த கிடுக்கி வேறு. அதற்கு இரண்டு தாடை.

ஒரு தாடை ஆர்லீன் ப்ராக்னோ. அடுத்த பண்ணைக்காரி, நாற்பது வருஷச் சிநேகிதி. வெர்னாவின் பிரசவத்தின்போது டாக்டருக்கு முன்னால் வந்து நின்றவள். இந்தத் தேர்தலில் ஆர்லீனுக்கு டாலிவர் பைத்தியம் பிடித்துவிட்டது. மூச்சு உறைந்து தரையில் விழுந்து உடைகிற குளிரில் பிப்ரவரி முழுக்க வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். வேறு யாராவது தட்டியிருந்தால் ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரலில் நடந்த வேட்பாளர் தேர்தலில் அந்தக் கவுண்டி, அதாவது மாவட்டம், டாலிவருக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டது. அதில் பாதி ஆர்லீனின் விரல் முட்டிக்குக் கிடைத்த வெற்றி. "ஜனங்க சொல்லிட்டாங்க. இனிமே சொல்றதுக்கு நீ யாருடி?" என்று வெர்னாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் கிடுக்கியை இறுக்கியது.

இன்னொரு தாடை ஒரு கைகுலுக்கல். பதினொரு வருஷத்துக்கு முன், ஜனவரிப் பனிப்புயலில் ஒரு கார் வெர்னாவின் வீட்டு வாசல் பள்ளத்தில் இறங்கியது. உள்ளே ஒல்லியாக ஒரு அரசியல்வாதி, அப்போது யாருக்கும் தெரியாத ரென்ஷா. மூன்று நாள் பனியில் அடைந்து கிடந்தார். சோபாவில் படுத்தார், சீட்டாட்டத்தில் தோற்றார், பால் கறக்கப் போய் மாட்டிடம் உதை வாங்கினார். அவள் புருஷன் டெல்பர்ட் மூன்று வாரம் படுக்கையில் இருந்த சமயம் அது. உதை வாங்கிய மனிதர் மறுநாள் காலையும் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். கிளம்பும்போது, "ஒரு நாள் நான் ஜனாதிபதிக்கு நின்னா உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்று சிரித்தார். வெர்னா கையை நீட்டினாள். இந்தப் பக்கத்தில் நிலம் கைமாறுவதும், கல்யாணம் நிச்சயமாவதும், எல்லாம் அப்படித்தான். கை குலுக்கிய பிறகு பேனா தேடுகிறவனை இங்கே யாரும் மதிப்பதில்லை.

ரென்ஷா என்றால் ஆர்லீன் போனாள். டாலிவர் என்றால் தன் வாக்கு போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு டெல்பர்ட் தொழுவத்திலிருந்து வந்து தொப்பியைக் கழற்றினான். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தைக்கு மேல் செலவழிக்காத ஆள்.

"மீன்," என்றான்.

"நான் வரல டெல்பர்ட். அங்க போனா என்னை முழுசா முழுங்கிருவாங்க."

"வெள்ளிக்கிழமை."

அதற்கு மேல் வாதம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை கூபியாக் மதுக்கடையில் பொரித்த மீன் சாப்பிடாமல் வீட்டில் இருந்தால், மீனைத் தட்டில் வைத்துக்கொண்டு ஷெரிப்பே தேடி வந்துவிடுவார். நாற்பது வருஷத்தில் வெர்னா ஒரு வெள்ளியைத்தான் தவறவிட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் மயக்க மருந்தில் இருந்தாள்.

கடைக்குள் அறுபத்து நாலு பேர். வெளியே ஆறு தொலைக்காட்சி வண்டிகள். கடைக்காரர் ஸ்டான் கூபியாக், குளிர்பெட்டி அளவுக்கு மார்பு உள்ளவர், "மீன் சாப்பிடறவன் மட்டும் உள்ள வரலாம்" என்று உத்தரவு போட்டிருந்ததால், நிருபர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தட்டு வாங்கி, உருளைக்கிழங்கு அடையில் ஆப்பிள் மசியலைத் தடவுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னா கவுண்டரில் டெல்பர்ட்டுக்குப் பக்கத்தில், வழக்கமான உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். அவளுக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை தலைகீழாகக் கவிழ்ந்து நின்றது.

"பல் டாக்டர் வாங்கிக் குடுத்தது," என்றார் கூபியாக்.

டொக். "மாட்டு டாக்டர்."

டொக், டொக். "லெம்கி அண்ணன் தம்பி ரெண்டு பேரும்."

கூபியாக் கடையின் சட்டம் அது. யாராவது உனக்கு ஒரு பிராந்தி வாங்கிக் கொடுத்தால், நீ குடிக்கத் தயாராகும்வரை உன் முன்னால் ஒரு கோப்பை கவிழ்ந்து காத்திருக்கும். குடிக்காமல் எழுந்து போவது வாங்கிக் கொடுத்தவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். வெகுகாலத்துக்கு முன் ஹெர்ப் என்றொருவன் ஒரு கோப்பையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். ஆறு மாதத்தில் பண்ணையை விற்றுவிட்டு மினசோட்டாவுக்குக் குடிபோனான்; அங்கேயும் செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கொடுத்தவரும் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி யாரும் எடுத்ததாக வரலாறே இல்லை.

அரை மணி நேரத்தில் வெர்னாவுக்கு முன்னால் முப்பத்தேழு கோப்பைகள். டாலிவர்காரர்கள் இடது பக்கம், ரென்ஷாகாரர்கள் வலது பக்கம் என்று கூபியாக் அடுக்கிக்கொண்டே வந்தார். நடுவில் மீன் தட்டுக்குக்கூட இடமில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி வேலிக்குள் அடைத்த கோழி மாதிரி இருந்தது அவளுக்கு. எழுந்தால் முப்பத்தேழு பேரை அறைந்ததாகும். குடித்தால் ஜனாதிபதி வேட்பாளர் யாரென்று ஒரு பிணம் அறிவித்ததாகிவிடும்.

"இடது பக்கம் இருவது, வலது பக்கம் பதினேழு," என்று ஒரு நிருபர் கைபேசியில் யாருக்கோ கிசுகிசுத்தார். "ஆமா சார், கோப்பைதான். இங்க இப்படித்தான் கணிக்கிறாங்க போல."

ஆர்லீன் ஐந்து மணிக்கு வந்தாள். மார்பில் சாஸர் அளவுக்கு டாலிவர் வில்லை. வெர்னாவுக்குப் பக்கத்து ஸ்டூலில், நாற்பது வருஷமாக உட்கார்கிற மாதிரியே உட்கார்ந்தாள். கூபியாக் பக்கம் ஒரு விரலைக் காட்டினாள். இடது வரிசையில் இருபத்தோராவது கோப்பை 'டொக்' என்று இறங்கியது.

"நீயுமாடி?" என்றாள் வெர்னா.

"நான் வாரா வாரம் உனக்கு வாங்கித் தர்றவதானே. இன்னிக்கு வாங்கலன்னா நீ தப்பா நெனப்ப."

"இன்னிக்கு வாங்கினாத்தான் தப்பா நெனைப்பேன்."

"என்னடி செய்யட்டும்? எதைச் செஞ்சாலும் மூஞ்சியைத் தூக்கிக்கற. மீன் தின்னு." ஆர்லீன் குரலைத் தாழ்த்தினாள். "தூங்கினியா?"

"பதினெட்டு நாளா இல்ல."

"நானும்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கோஸ் சாலட்டைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஆர்லீனின் முழங்கை வெர்னாவின் முழங்கையில் படும்படி இருந்தது. இந்த முழங்கைக்காக ஒரு ஜனாதிபதியையே கைவிடலாமே என்று வெர்னாவுக்குத் தோன்றியது. அடுத்த நொடி, வாளியோடு தொழுவத்துக்கு நொண்டிக்கொண்டு போன அந்த ஒல்லி மனிதரின் முதுகு கண்ணில் வந்து நின்றது.

ஐந்து இருபதுக்கு ட்ரெவர் வந்தார். ரென்ஷாவின் பிரச்சார ஆள், வாஷிங்டனிலிருந்து வந்தவர். அவர் ஷூவின் பளபளப்பில் மீனைப் பொரித்து எடுத்துவிடலாம்.

"மேடம், செனட்டர் அஞ்சே முக்காலுக்கு உங்ககூடப் பேசணும்னு சொல்லியிருக்கார்," என்றார். கைபேசியை உயர்த்தினார், தாழ்த்தினார், ஸ்டூல் மேல் ஏறிப் பிடித்தார். கூபியாக் கடைக்குள் அலைவரிசை நுழைந்ததே இல்லை.

"சுவத்துல ஃபோன் இருக்கு," என்றார் கூபியாக். "அதுல அடிக்கச் சொல்லு. அது உங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி மாட்டினது, இன்னும் ஓடுது."

ட்ரெவர் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே ஓடிச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். கோப்பை வரிசைகளைப் பார்த்தார். இடது இருபத்தொன்று, வலது பதினேழு. தேர்தலில் பிழைத்துப் பழகிய மூளை. நாலு குறைகிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டது. பிரச்சினையை ஒரே அடியில் தீர்ப்பது எப்படி என்றும் கண்டுபிடித்துவிட்டது.

"அண்ணே!" என்று கத்தினார். "செனட்டர் ரென்ஷா சார்புல, கடையில இருக்கற எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு!"

வாஷிங்டனில் இதற்குக் கைதட்டுவார்களாம். கூபியாக் கடையில் பொரிக்கிற எண்ணெய்கூடச் சத்தத்தை நிறுத்தியது.

"எல்லாருக்குமா?" என்றார் கூபியாக், பாவப்பட்டு. மறுபடி யோசிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்.

"ஒருத்தர் விடாம!"

சட்டம் சட்டம்தான். கூபியாக் ஒவ்வொரு மேஜையாகப் போனார். டொக். டொக். டொக். இனி ஒரு கோப்பைக்கும் இடமில்லாத வெர்னாவைத் தவிர, அறுபத்து நாலு பேருக்கு முன்னாலும் ஒரு கோப்பை கவிழ்ந்தது. பாதிரியாருக்கு முன்னால் ஒன்று. நிருபர்களுக்கு ஒவ்வொன்று. பால் புட்டியைச் சப்பிக்கொண்டிருந்த லெம்கி வீட்டுக் குழந்தைக்குக்கூட ஒன்று. கடைசியாக, சாஸர் வில்லைக்கு நேர் கீழே, ஆர்லீனுக்கு ஒன்று.

யாரும் கையை நீட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. டாலிவருக்காகத் தொண்டை வற்றக் கத்தியவர்கள் எல்லோரும் ரென்ஷாவின் பிராந்திக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரமாகத் தான் மட்டும் இருந்த கூண்டுக்குள் இப்போது ஊரே வந்து உட்கார்ந்திருப்பதை வெர்னா பார்த்தாள். உள்ளூர ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததை மறுக்க முடியாது.

எல்லோரும் ஆர்லீனையே பார்த்தார்கள். ஆர்லீன் கோப்பையைப் பார்த்தாள். ட்ரெவரின் ஆவலான முகத்தைப் பார்த்தாள். வெளியூர்க்காரன், விருந்தாளி வேறு. விருந்தாளியை அவமானப்படுத்துகிற பழக்கம் ப்ராக்னோ வீட்டில் கிடையாது. கோப்பையை நிமிர்த்தி வைத்தாள்.

"ஊத்துங்க ஸ்டான்."

கூபியாக் ஊற்றினார். ஆர்லீன் எழுந்து நின்று ட்ரெவர் பக்கம் கோப்பையை உயர்த்தினாள். "நன்றி தம்பி. உங்க ஆளு தோக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டே குடிக்கறேன்." ஒரே மடக்கு.

கடை முழுக்க ஒரு பெருமூச்சு. அறுபத்து மூன்று கோப்பைகளும் நிமிர்ந்தன. குழந்தைக்கு வந்ததை அதன் அப்பா பொறுப்போடு ஏற்றுக்கொண்டார்.

"குடிச்சிட்டியே," என்றாள் வெர்னா.

"அதுக்கென்ன? பிராந்தி குடுத்தான், நன்றி சொன்னேன். அவன்கிட்ட வாங்கினதுக்குச் சரியாப் போச்சு. ஓட்டு வேற சங்கதிடி. நான் வாங்கினது எதுவோ அதைத்தானே திருப்பித் தர முடியும்?"

வெர்னா மீனை மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். வாங்கினது எதுவோ அது. சரி, பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பனியில் நான் கொடுத்தது எது? என் ஓட்டு. அன்றைக்கு என்னிடம் இருந்த ஓட்டு எது? டவுன் ஹாலில், கயிற்றில் கட்டின பென்சிலால், திரைக்குப் பின்னால் போடுகிற ஒன்றே ஒன்று. இந்தப் பத்தாயிரம் அன்றைக்கு ஏது? அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தானே எலுமிச்சை கேக்!

அந்தப் பென்சில் ஓட்டை அவள் ஏப்ரலிலேயே போட்டிருந்தாள். ரென்ஷாவுக்கு. யாரிடமும் சொல்லவில்லை, டெல்பர்ட்டிடம்கூட.

சுவர்த் தொலைபேசி அலறியது. அதன் சத்தத்துக்கு அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. கூபியாக் ரிசீவரைக் கம்பியோடு கவுண்டருக்கு மேலே இழுத்துக் கொடுத்தார். அந்தத் தொலைபேசியில் ரகசியம் என்பதே கிடையாது. மறுமுனையில் பேசுகிறவர் குரல் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்கும்.

"வெர்னா! என்னை உதைச்ச மாடு சவுக்கியமா?" என்றது செனட்டரின் குரல், கடை முழுக்க.

"அது ஹாம்பர்கராகி எட்டு வருஷம் ஆச்சுங்க செனட்டர்."

"நல்லது, நல்லது. பழி தீந்துச்சு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வெர்னா, நான் உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இத்தனை நாள் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணுதான். நாம கை குலுக்கினோம்."

"குலுக்கினோம்."

"எனக்கு அது ஞாபகம் இருக்கு."

"எனக்கும் இருக்குங்க." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு என்கிட்ட இருந்தது ஒரு ஓட்டு. ஏப்ரல் மாசம் அதை உங்களுக்குப் போட்டுட்டேன். பென்சில் முனை உடையற அளவுக்கு அழுத்திப் போட்டேன். நான் குடுத்த வார்த்தை அதோட சரி. இப்ப நீங்க கேக்கறது வேற. இது அப்ப என்னோடது இல்ல, இப்பவும் என்னோடது இல்ல. இதைக் குடுக்க எனக்கு உரிமை இல்லீங்க. இங்க ஜனங்க யாரைச் சொன்னாங்களோ அவங்களுக்குத்தான் இது."

மறுமுனையில் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது.

"உங்க கவுண்டியில எனக்கு எவ்வளவு விழுந்துச்சு?"

"ஆயிரத்து நூத்துச் சொச்சம்."

"அதுல ஒண்ணு நீங்களா?"

"ஒண்ணு நான்."

"எனக்கு அது போதாது வெர்னா."

"தெரியுங்க."

"டெல்பர்ட்டைக் கேட்டதாச் சொல்லுங்க." கிளிக் என்றது.

வெர்னா ரிசீவரைக் கூபியாக்கிடம் கொடுத்தாள். கடிகாரத்தில் மணி ஐந்து ஐம்பத்து நாலு. "டாலிவர்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். உடனே நிருபர்கள் கதவைப் பார்த்துப் பாய்ந்தார்கள். மூன்று பேர் கதவுச் சட்டத்தில் தோளோடு தோளாகச் சிக்கிக்கொண்டார்கள். ட்ரெவர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பாதிரியார் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, தட்டின கையைப் பார்த்து வெட்கப்பட்டார். அறை முழுக்க ஆரவாரம்.

ஆர்லீன் மட்டும் அசையவில்லை.

"ஏப்ரல்ல?" என்றாள்.

வெர்னா அவள் பக்கம் திரும்பினாள். "ஆர்லீன்..."

"ஏப்ரல்லயா? அன்னிக்கு உன்னை டவுன் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனது யாருடி? என் கார்ல வந்து! உனக்கு இடுப்பு வலின்னு சீட்டுல சூடு வேற போட்டுக் குடுத்தேன்! வெளியில வந்து, 'ஆச்சு, போட்டாச்சு'ன்னு என் கையைப் புடிச்சியே!"

"நான் போட்டாச்சுன்னுதான் சொன்னேன். யாருக்குன்னு நீயும் கேக்கல."

"உன்னைப் போய் எதுக்குடி கேப்பேன்? கவுண்டியில ரெண்டாயிரம் கதவத் தட்டினேன், உன் கதவ மட்டும் தட்டல! ஏன்? அது நம்ம கதவுன்னு நெனச்சேன்!"

"ஏண்டி, உனக்காகப் பத்தாயிரம் ஓட்டைத் தூக்கிக் குடுத்திருக்கேன். ஒரு ஜனாதிபதி வேட்பாளரையே குடுத்திருக்கேன்."

"அது கட்சி குடுத்த ஓட்டு. அதை எவ வேணும்னாலும் போடுவா. பென்சில் புடிச்சுப் போட்டியே, அது நீ. அதைப் போய் அவனுக்குக் குடுத்திட்ட."

ஆர்லீன் எழுந்தாள். கவுண்டருக்கு மேலே குனிந்து, இடது வரிசையில் கடைசியாக நின்ற தன் கோப்பையை எடுத்தாள். கடைக்குள் இருந்த ஆரவாரம் சட்டென்று அடங்கியது. லெம்கி அண்ணன் தொப்பியைக் கழற்றினான். கொடுத்த கோப்பையைத் திரும்ப எடுப்பதை அந்தக் கடை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

"ஸ்டான், இதை எனக்கே ஊத்துங்க," என்றாள். வாங்கிக்கொண்டு, சுவரோரம் இருந்த இரண்டு பேர் மேஜைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வெர்னா தன் ஸ்டூலிலேயே இருந்தாள். முன்னால் இன்னும் முப்பத்தேழு கோப்பைகள். டாலிவர்காரர்கள் நன்றி என்கிறார்கள், ரென்ஷாகாரர்கள் முறைக்கிறார்கள், இரண்டு தரப்புக்கும் அவள் குடித்தாக வேண்டும். அந்தக் கோடை முழுக்கக் குடித்தாலும் தீராது. வெளியே காமிராக்களின் வெளிச்சம் ஜன்னலில் வந்து அப்பியிருந்தது. வாசல் வழியாக வீட்டுக்குப் போக முடியாது. பின்வாசல் வழியாகப் போனால் முப்பத்தேழு கன்னங்கள்.

டெல்பர்ட் அன்றைய வார்த்தை ஒதுக்கீட்டில் மிச்சமிருந்ததைச் செலவழித்தான். "மீன் ஆறுது. அவளோடதும்."

ஆர்லீன் தன் தட்டைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். வெர்னா இரண்டு தட்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டாள். முப்பத்தேழு கோப்பைகளையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். யாரோ "ஏய், ஏய்" என்றார்கள். கூபியாக் ஒரு கையை உயர்த்தி அடக்கினார். "கடைக்குள்ளதானே இருக்கா. இன்னும் போகல."

ஏழெட்டு அடி தூரம். இடுப்பு வலித்தது. மேஜையில் ஆர்லீனின் தட்டை வைத்தாள், எதிர் நாற்காலியை இழுத்தாள்.

"உன்னை யாரும் கூப்பிடல," என்றாள் ஆர்லீன்.

"தெரியும்."

வெர்னா உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். ஆறின மீன் ரப்பர் மாதிரி இழுத்தது. ஆர்லீன் ஒரு துண்டைக் கம்பு ரொட்டியில் வைத்து மடித்தாள், கடித்தாள், வெகுநேரம் மென்றாள். வெர்னாவின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் அலங்காரமாகத் தொங்கிய பஞ்சடைத்த மீனைப் பார்த்துச் சொன்னாள்.

"நவம்பர்ல ஜனாதிபதி ஓட்டுப் போட டவுன் ஹாலுக்கு நீ நடந்தே போ."

"ரெண்டு மைலுடி."

"தெரியும்."

"சரி," என்றாள் வெர்னா.